வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், செங்குகைக் குடியிருப்பின் மூன்றாம் வீதியில் கடைக்காரர்கள் எல்லோரும் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கப்பம் கட்டுவதற்காக வாசலில் வந்து நிற்பார்கள். முகம் கழுவி என்பது ஒரு பேச்சுக்குத்தான். செவ்வாய்க் கோளில் அந்த வசதி யாருக்கும் கிடையாது. ஈரத்துணியால் ஒற்றிக்கொள்வதோடு சரி.

கப்பம் என்பது ஒரு கேன் தண்ணீர். துருவப் பனியை வெட்டி எடுத்து, உருக்கி, குழாய் வழியே கொண்டுவந்து, வீட்டுக்கு இவ்வளவு கடைக்கு இவ்வளவு என்று வாரக் கணக்கில் அளந்து விடுகிற தண்ணீர். அதில் ஒரு கேனை ஒதுக்கி, அதன் நெற்றியில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மூடியில் ஒரு பிளாஸ்டிக் பூவையும் செருகி, வாசல்படிக்கு நேரே நாலு பேர் பார்க்கும்படியாக வைப்பார்கள்.

விளக்கு மங்குகிற நேரத்தில் ஆறு கால் உள்ள பழைய சுமைதூக்கி எந்திரன் ஒன்று டக்டக்கென்று வீதியில் நடந்து வரும். பூச்சி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கடை முன்னாலும் நிற்கும், கேனைத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்ளும், போய்விடும். வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது. அது அப்படி விறைப்பாகப் போவதில்தான் தங்கள் கௌரவமே இருப்பதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள்.

கோமதிநாயகத்தின் முறுக்குக் கடை முன்னால் மட்டும் பூச்சி நிற்பதில்லை. நின்று பார்த்ததும் இல்லை. ஏதோ வெறும் சுவரைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போய், எதிர்வரிசையில் அவருடைய சகலை சிவனுபாண்டியனின் அல்வாக் கடை முன்னால் போய் நிற்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது கோமதிநாயகத்தின் வயிறு எண்ணெய்ச் சட்டி மாதிரி காயும்.

இதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த நீளக் குகை ஒன்றுக்குள் தென்காசிப் பக்கத்து மக்கள் குடியேறி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. குகைக்குள் காற்றைப் பங்கிட்டு அனுப்புகிற வால்வுகளை ஒரு காலத்தில் ஒரு கும்பல் கைப்பற்றியது. வளையம் என்று அதற்குப் பெயர். தண்ணீர் தராதவன் வீட்டு வால்வை மூடிவிடுவார்கள். அப்படி மூச்சு முட்டிச் செத்தவர்கள் உண்டு. அவர்களுடைய பெயர்கள் இப்போது யாருக்கும் நினைவில்லை.

நினைவில் தங்கியது கீறல்தான். செங்குகையில் கடைகளின் முகப்பெல்லாம் தானாறிக் கண்ணாடி. விரிசல் விட்டால் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும், தோல் ஆறுவதுபோல. வளையத்தாரிடம் மட்டும் ஒரு அமிலம் இருந்தது. அதைப் பீய்ச்சிக் கீறினால் அந்தக் கண்ணாடி ஆயுசுக்கும் ஆறாது. “உன்மேல் எங்கள் கண் இருக்கிறது” என்பதற்கு அதுதான் அடையாளம். ஆரம்பத்தில் அந்தக் கீறலைப் பார்த்து நடுங்கினார்கள். பிறகு பழகினார்கள். பிறகு, ‘சும்மா இருக்கிற கடையை யாராவது மிரட்டுவார்களா? கவனிக்கத்தக்க கடை என்றால்தானே கீறுவார்கள்’ என்று ஒரு நியாயம் பிறந்தது. கடைசியில் கீறலைச் சுற்றிச் சின்ன விளக்குச் சரம் தொங்கவிட்டார்கள்.

சிவனுபாண்டியனின் கடைக் கண்ணாடியில் கீறல் இரண்டு சாண் நீளம். அவர் தினமும் அதைப் பூந்துணியால் துடைப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை பூச்சி போனபிறகு சிவனுபாண்டியன் வீதியைக் கடந்து வந்தார். கையில் மகள் கல்யாணத்துக்கான வெற்றிலைத் தட்டு. வெற்றிலை பாசியில் அச்சடித்தது, பாக்கு மட்டும் நிஜம்.

“சகலை, அடுத்த மாசம் உலகம்மைக்குக் கல்யாணம். நீரு சித்தப்பா. முன்னால நின்னு நடத்தித் தரணும்.”

“நடத்திப்புடுவோம். பந்தியில எங்கன உக்காரணும்னு மட்டும் இப்பமே சொல்லிரும்.”

சிவனுபாண்டியன் சங்கடப்படுவதுபோலக் காதைச் சொறிந்தார். “அது ஊர் வழக்கம்லா சகலை. மொதப் பந்தி கீறல்காரங்களுக்கு. நான் ஒருத்தன் மாத்த முடியுமா? உமக்குக் கடைசிப் பந்தியில நல்ல எடமா, காத்துக் குழாய்க்குப் பக்கத்துல போடச் சொல்லுதேன்.”

“கடைசிப் பந்தியில எனக்குப் பக்கத்துல ஆரு?”

“தங்கமாரியப்பன் வாத்தியார்தான். வேற ஆரு இருக்கா?”

அந்த வாத்தியார் ஒருவர்தான் அந்தக் காலத்தில் வளையத்துக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர். அன்றிலிருந்து அவர் வீட்டில் யாரும் பெண் கேட்பதில்லை, அவரோடு யாரும் நின்று பேசுவதில்லை. சாட்சி சொல்கிறவன் பக்கத்தில் நின்றால் நமக்கும் ஆகாது என்று ஒரு பயம். பயம் போய்விட்டபிறகும் ஒதுக்கம் மட்டும் நின்றுவிட்டது. பெண்ணுக்குச் சித்தப்பன், ஊர் முழுக்கப் பார்க்க, அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறிப்போன சோற்றைத் தின்ன வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால் மனைவி வடிவு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சிவனுபாண்டியனின் மனைவி பிரமு அவளுக்குக் கூடப்பிறந்த அக்கா. ஆகவே இந்த நோவு அவளுக்கும் உண்டு.

“எங்கக்கா இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? ‘எங்க வீட்டுக்காரரை வளையத்துக்காரங்க நிம்மதியாவே இருக்க விட மாட்டேங்காங்க, நீ குடுத்து வச்சவ வடிவு, உங்களை ஆரு சீண்டப் போறா’ன்னு சொல்லுதா. சொல்லும்போதே மூக்குத்தி சிரிக்கி.”

“உங்கக்காளை விடு. முறுக்கு ஏன் இந்தக் காய்ச்சல் காய்ஞ்சு கெடக்கு? மாவுக்குத் தண்ணி ஊத்துனியா, காட்டுனியா?”

“இருக்கிற தண்ணியிலதான ஊத்த முடியும்.”

“அங்கன அல்வாவே கிண்டுதான். நம்ம கடைத் தண்ணி மட்டும் எங்கனதான் போவுதோ!”

வடிவு மாவை இன்னும் ஒரு குத்துக் குத்தினாள்.

மறுநாள் கோமதிநாயகம் வீதிமுனையில் நிற்கும் காவல் எந்திரனிடம் போனார். அது பார்க்கிறவர்களிடமெல்லாம் “உங்களை யாராவது மிரட்டினார்களா? தயங்காமல் புகார் தரலாம்” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொன்னவர் ஒருவரும் இல்லை.

“உங்களை யாராவது மிரட்டினார்களா?”

“இல்லவே. அதாம்வே புகாரு.”

எந்திரன் சட்டப் பிரிவுகளைப் புரட்டிப் பார்த்தது. “மிரட்டாத குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.”

“சரி, வளையத்துத் தலைவரை எங்கன போய்ப் பாக்கணும்? அதையாவது சொல்லும்.”

“வளையத்தைச் சேர்ந்த அனைவரும் எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கைது செய்யப்பட்டுப் பூமிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த அறிவிப்பை அப்போதே மூன்று முறை வாசித்தேன்.”

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். “அது நீங்க பிடிச்ச சில்லறைப் பயலுவ. தலைவன் இங்கனதான் இருக்கான்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். வாரவாரம் பூச்சி யாருக்கு வே தண்ணி தூக்குது?”

“புகார் தந்தால் விசாரிக்கிறேன்.”

“புகாரா? அப்புறம் என் கடையைக் கீறுவானா?” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

யாரும் கீறாவிட்டால் தானே கீறிக்கொள்வது என்று அடுத்து ஒரு யோசனை வந்தது. புதன்கிழமை மத்தியானம், வீதியில் ஆளில்லாத நேரம் பார்த்து, சுத்தியலால் தன் கடைக் கண்ணாடியில் தானே ஒரு போடு போட்டார். விரிசல் நன்றாகத்தான் விழுந்தது. ஆறிவிடாமல் இருக்க அதற்குள் புளிக்கரைசலும் மிளகாய்ப்பொடியும் குழைத்து அப்பினார். பிறகு ஒன்றும் தெரியாதவர்போல உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எழுந்து வந்தபோது வாசலில் கூட்டம். கண்ணாடி வழக்கம்போல வளர்ந்து மூடியிருந்தது, மிளகாய்ப்பொடியையும் சேர்த்து. ஊறுகாய் ஜாடியை உடைத்து ஒட்டினதுபோல ஒரு சிவப்புக் கோடு.

சிவனுபாண்டியன் கண்ணாடிக்குக் கிட்டே மூக்கை வைத்து மோந்து பார்த்தார். “வளையத்துல சமையல்காரனைச் சேத்துருக்கான் போல சகலை. தாளிக்க மறந்துட்டான்.”

வீதியே சிரித்தது. எதிர்வரிசை மாடியில் பிரமுவின் மூக்குத்தி மின்னியது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு முடிவோடு இருந்தார். தானும் ஒரு கேனில் தண்ணீர் நிரப்பி, சந்தனம் குங்குமம் வைத்து, அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். பூச்சி தன் கடையைத் தாண்டியதும் அதன் பின்னாலேயே நடந்தார். தலைவனை நேரில் பார்த்து, காலில் விழ வேண்டும் என்றாலும் விழுந்து, ‘ஐயா, என்னையும் மிரட்டுங்கள்’ என்று கேட்டுவிடுவது.

பூச்சி மூன்றாம் வீதியை முடித்து, நாலாம் வீதியையும் முடித்து, கழிவுக் குழாய்கள் ஓடுகிற இடுக்கில் திரும்பியது. கோமதிநாயகம் கேனைத் தோள் மாற்றிக்கொண்டு பின்னாலேயே திரும்பினார். இப்படிப்பட்ட இடுக்கில்தான் வளையத்தார் இருப்பார்கள். கத்தி வைத்திருப்பார்களா, வேறு ஏதாவதா? பயத்தைவிட ஒரு பெருமைதான் அதிகம் இருந்தது. சிவனுபாண்டியனுக்கு இந்த இடம் தெரியுமா?

இடுக்கின் முடிவில் ஒரு இரும்புக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தது மருந்து வாசனை. வெள்ளை அங்கி போட்ட ஓர் அம்மாள் பூச்சியின் முதுகிலிருந்து கேன்களை இறக்கத் தொடங்கினாள். பொது மருத்துவமனை டாக்டர் பிரிசில்லா. செங்குகையில் பிறந்தவர்களில் பாதிப்பேரின் பிரசவத்தைப் பார்த்தவள்.

“டாக்டரம்மா!” என்றார் கோமதிநாயகம். “நீங்களா வளையத்துத் தலைவரு?”

டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் தோளில் குங்குமம் வைத்த கேனைப் பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “உள்ள வாங்க” என்று சொல்லி, அவர் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள்.

உள்ளே பெரிய கூடத்தில் இரத்தக்கழுவி எந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கட்டிலில் ஒருவர். செவ்வாயின் குறைந்த ஈர்ப்பில் எலும்பு கரைந்து கரைந்து சிறுநீரகம் சீக்கிரமே களைத்துவிடும். அப்புறம் எந்திரம்தான் கழுவ வேண்டும். அந்த எந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும், நிறைய.

“அரசாங்கம் தர்ற தண்ணி பாதிப்பேருக்குத்தான் காணும்” என்றாள் டாக்டர். “முன்வாசல்ல ஒரு தொட்டி வெச்சு, ‘முடிந்தவர்கள் ஒரு செம்பு தண்ணீர் விடுங்கள்’னு எழுதி வெச்சேன். வீடுவீடாப் போய்க் கேட்டேன். உங்க சகலை கடைக்கும் வந்தேன். ‘எங்களுக்கே பத்தல டாக்டரம்மா’ன்னார். அந்த மாசம் நாலு பேர் செத்துப்போனாங்க.”

“வளையம்?”

“வளையம் எங்க இருக்கு? தங்கமாரியப்பன் சார் சாட்சி சொன்னப்பவே எல்லாரையும் பிடிச்சு அனுப்பியாச்சு. அவங்களோட எந்திரன் மட்டும் மிச்சம். குப்பை தூக்கறதுக்காக எங்களுக்குக் குடுத்தாங்க. ஒரு வெள்ளிக்கிழமை பழைய பழக்கத்துல தானாக் கெளம்பி வீதிக்குப் போயிருச்சு. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல அது. சும்மா நடந்துச்சு. திரும்பி வந்தப்ப முதுகு நிறையத் தண்ணி.” டாக்டர் ஒரு கேனின் சந்தனத்தைத் துணியால் துடைத்தாள். “அதோட வயித்துல அந்த அமிலமும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நோயாளி கூடக்கூட ரெண்டு கடையைக் கீறச் சொல்வேன். தப்புதான். ஆனா அன்னையிலேருந்து தண்ணியில்லாம இங்க யாரும் சாகல.”

கோமதிநாயகத்துக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் புரிந்ததில் ஒன்றுமட்டும் முள்ளாக நின்றது.

“அப்பம் என் கடையை ஏன் கீறல? என் கடையில தண்ணி இல்லியா? நான் அவ்வளவு எளப்பமா?”

“உங்களை எதுக்கு மிரட்டணும்? இந்த ஊர்ல கேக்காமலே குடுக்கறது ரெண்டே வீடு. ஒண்ணு வாத்தியார் வீடு. இன்னொண்ணு உங்க வீடு. வடிவக்கா எலும்பு டாக்டரைப் பாக்கணும்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை காலையில ஒரு கேன் கொண்டாந்து தொட்டியில ஊத்திட்டுப் போவாங்க. அவங்க இங்க படுத்துக் கெடந்து பிழைச்சு எழுந்ததுலேருந்து. அவங்க தண்ணி ஊத்தறது உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. காய்ந்த முறுக்கின் காரணம் இப்போதுதான் தெரிந்தது. கூடத்தில் எந்திரங்கள் மெல்ல இரைந்தன. கட்டிலில் கிடந்த ஒரு கிழவர் தன் இரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல மனைவியைப் பற்றிக் கேள்விப்பட்டால் கணவனுக்கு நெஞ்சு நிறைய வேண்டும். கோமதிநாயகத்துக்கும் ஒரு கணம் நிறைந்தது. மறுகணம் பந்தி ஞாபகம் வந்தது.

“டாக்டரம்மா” என்றார், குரலைத் தாழ்த்தி. “இனிமே தொட்டியில ஊத்துறது வேண்டாம். அதே கேனை வாசல்ல வைக்கோம். நீங்க நம்ம கண்ணாடியைக் கீறிப்புடுங்க.”

“எதுக்கு? தண்ணி அதே தண்ணிதானே?”

“தண்ணி அதேதான். பந்தி வேறல்லா?”

“உண்மை தெரிஞ்சப்புறமுமா?”

“எனக்குத்தான தெரியும். ஊருக்குத் தெரியாதுல்லா? எங்க சகலைக்கு ரெண்டு சாண். எனக்கு மூணு சாணா இருக்கட்டும்.” டாக்டர் அடுத்த கேனைத் துடைக்கப் போனதைப் பார்த்து அவருக்கு அவசரம் வந்துவிட்டது. “கீறலேன்னா இந்தப் பூச்சி ஆரு வீட்டுப் பூச்சின்னு நாளைக்கே ஊரு பூராச் சொல்லிருவேன். அப்புறம் ஒருத்தன் ஒரு சொட்டுத் தர மாட்டான். இந்தக் கட்டில்ல கெடக்கவங்களை யோசிச்சுக்கோங்க.”

எட்டு ஆண்டுகளில் செங்குகையில் நடந்த முதல் உண்மையான மிரட்டல் அதுதான்.

அடுத்த வாரம் பூச்சி வந்தது. முறுக்குக் கடை முன்னால் நின்றது. வீதி மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூச்சியின் முன்காலிலிருந்து மெல்லிய புகை. கண்ணாடியில் மேலிருந்து கீழாக மூன்று சாண் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்தது, ஆறவே ஆறாத கீறல். கோமதிநாயகம் பயந்தவர்போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தார். அந்த நடிப்புக்காக வீட்டில் இரண்டுதரம் ஒத்திகை பார்த்திருந்தார்.

வடிவு ஓடிவந்து கீறலைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் முதலில் போனது எதிர்வரிசை மாடிக்கு. “பாருங்களேன், எங்கக்கா உள்ள போயிட்டா. முகத்தையே காட்டல” என்றாள். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. பிறகு சற்று நேரம் கழித்து, மாவுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுவதுபோல மெல்லச் சொன்னாள். “இனிமே வாராவாரம் வளையத்துக்காரங்களுக்கு ஒரு கேன் போயிரும். ஆஸ்பத்திரிக்கு ஊத்திட்டிருந்தேன்... அது இனிமே முடியாது. பாவம்.”

கோமதிநாயகம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குக் கிடைத்த குளிர்ச்சி போய்விடும். தனக்குக் கிடைத்ததும் போய்விடும்.

கல்யாணம் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. சித்தப்பனுக்கு முதல் மாலை, முதல் பந்தி, முதல் இலை. அல்வாவை அவர் இலையில் சிவனுபாண்டியனே வைத்தார்.

“மூணு சாணாமே சகலை. ஒரே தடவையிலயா கீறுனாவ?”

“ஒரே இழுப்பு.”

சிவனுபாண்டியன் அல்வாக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். “எங்கிட்ட ரெண்டு கேனுக்குத் தண்ணி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல போல. ஆரைப் பாத்துச் சொல்லணும்னு உமக்கு ஏதும் தெரியுமா?”

“பாப்போம், பாப்போம்” என்றார் கோமதிநாயகம். அந்த வார்த்தை வாயில் அல்வாவைவிட இனித்தது.

மண்டபத்துக் கண்ணாடிக்கு வெளியே மருத்துவமனையின் முன்வாசல் தெரிந்தது. தொட்டியின் விளிம்பில், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கேனின் அடி பதிந்து ஈரவட்டம் நிற்கும் இடத்தில், செம்புழுதி படிந்திருந்தது. தங்கமாரியப்பன் வாத்தியார் கையில் ஒரு சின்னச் செம்போடு தனியாக நடந்து வந்தார். ஒரு சொட்டும் சிந்தாமல் அதைத் தொட்டியில் சாய்த்தார். செம்பைக் கவிழ்த்து உதறினார். பிறகு கடைசிப் பந்திக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பார்த்து, மண்டபத்துக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டார்.

“அந்தாளைப் பாரும்” என்றார் சிவனுபாண்டியன். “எத்தனை வருசமா இப்படி ஒத்தையா நிக்காரு.”

கோமதிநாயகம் வாத்தியாரைப் பார்த்தார். அந்த ஊரில் அவரைப் பற்றி முழு உண்மையும் தெரிந்தவர், டாக்டரை விட்டால், இவர் ஒருவர்தான். அல்வாவில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நிஜமான இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

“பாவம் வே. மிரட்டக்கூட ஆளில்லாத மனுசன்.”